ரிமூவ் கொடுத்தும் குக்கீ அழியவில்லை

கேள்வி:
எங்க ஊர் ஜவுளிக்கடைத் தளம் நான் எழுதினது. வாடிக்கையாளர் எடுத்த மொழியை குக்கீயா (பிரவுசர் வச்சுக்கிற சின்னக் குறிப்பு) ஜேஎஸ்-குக்கீங்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி வச்சு சேமிக்கிறேன்: எக்ஸ்பயர்ஸ் (காலாவதி) 365 நாள், பாத் (குக்கீ செல்லுபடியாகுற தளப் பகுதி) '/ஷாப்'. "மொழியை மாற்று" பொத்தானை அழுத்தினா அந்தக் குக்கீயை அழிக்கிற குக்கீஸ்.ரிமூவ்('லாங்') ஓடுது. கன்சோலில் பிழையே இல்லை. ஆனா ரீலோட் பண்ணினா பழைய மதிப்பு அப்படியே நிக்குது. ரெண்டு ராத்திரி போச்சு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1:
பாத்தைப் பாருங்க. ரிமூவில் பாத் கொடுக்கலைன்னா லைப்ரரி '/'ன்னு எடுத்துக்கும். பிரவுசருக்கு அது வேற குக்கீ. அழிக்கிறதுன்னு தனியா ஒண்ணும் கிடையாது. காலாவதியை நேத்தைய தேதிக்குத் தள்ளி அதே குக்கீயை மறுபடி எழுதுறதுதான். பெயர், பாத், டொமைன் (தள முகவரி) மூணும் பொருந்தணும், இல்லைன்னா சத்தமே இல்லாம விட்டுடும். ரிமூவுக்கும் பாத் '/ஷாப்' கொடுங்க.

பதில் 2:
அந்த 365 நாள் சஃபாரியில் (ஐபோனோட பிரவுசர்) எடுபடாது. ஸ்கிரிப்ட் எழுதுற குக்கீக்கு அங்கே 2019லேர்ந்து அதிகபட்சம் 7 நாள்தான். ஸ்கிரிப்டுக்குப் பதிலா சர்வரே செட்-குக்கீ ஹெடரில் (பதிலோட வர்ற தலைப்பு வரி) குக்கீயை அனுப்பட்டும்.

கேட்டவர்:
பாத் சேர்த்தேன், போயிடுச்சு! டெவ்டூல்ஸ் (பிரவுசரோட சோதனைக் கருவி) அப்ளிகேஷன் பகுதியில் அந்தக் குக்கீ வரி மறைஞ்சதைக் கண்ணால பார்த்தேன். ஐபோன்காரங்க வாராவாரம் "மறுபடி மொழி கேக்குது"ன்னு சொன்னதுக்கும் இப்பதான் காரணம் புரியுது. இன்னைக்கே சர்வர் பக்கம் மாத்துறேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க.