குடும்பக் குழு: ரீபூட்டுக்குப் பிறகு ஆல்பம் திறக்கவில்லை

நிலா (7:42): அப்பா, உங்கள் வீட்டு சர்வரில் இருக்கிற நம் குடும்பப் பட ஆல்பம் நேற்று ராத்திரியிலிருந்து என் வீட்டில் திறக்க மாட்டேன் என்கிறது. சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு கடைசியில் இணைக்க முடியவில்லை என்று வருகிறது.

சித்தப்பா [நிலாவின் அப்பா] (7:50): இங்கே நன்றாகத் திறக்கிறதே. நேற்று கர்னல் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) அப்டேட் வந்தது என்று சர்வரை ஒரு தடவை ரீபூட் செய்தேன். மற்றபடி எதையும் தொடவில்லை.

கார்த்தி (7:51): ரீபூட் செய்ததே தொட்டதுதான் சித்தப்பா 😄

அத்தை (7:53): நானும் நிலா வீட்டில்தான் இருக்கிறேன், என் போனிலும் வரவில்லை. தம்பி, படமெல்லாம் பத்திரமாக இருக்கிறதா?

சித்தப்பா (7:54): இருக்கிறது அக்கா, இங்கிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

கார்த்தி (7:56): நிலா, உன் லேப்டாப்பிலிருந்து இரண்டு பிங் அடி, அதாவது பெட்டி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார். முதலில் 192.168.1.20, அது சித்தப்பா வீட்டில் விபிஎன் (உங்கள் இரண்டு வீட்டு நெட்வொர்க்கையும் இன்டர்நெட் வழியாக இணைக்கிற சுரங்கம்) ஓடுகிற குட்டிப் பெட்டி. அப்புறம் 192.168.1.10, அது சர்வர்.

நிலா (7:59): 20 உடனே பதில் சொல்கிறது. 10 வாயே திறக்கவில்லை.

கார்த்தி (8:01): அப்படியானால் விபிஎன் நன்றாக இருக்கிறது. சித்தப்பா, ஒரு முகவரிக்கு சர்வர் எந்த வழியாக அனுப்பும் என்று பார்க்க, அதில் ஐபி ரூட் கெட் என்று அடித்து, பக்கத்தில் நிலா லேப்டாப்பின் முகவரி 192.168.5.30 போடுங்கள். வருவதை அப்படியே இங்கே எழுதுங்கள்.

சித்தப்பா (8:06): 192.168.5.30 வயா 192.168.1.1 டெவ் இஎன்பி3எஸ்0, அது சர்வரின் நெட்வொர்க் போர்ட். அதற்குப் பின்னால் நம் சர்வர் முகவரி.

கார்த்தி (8:07): பிடித்தாயிற்று. வயா என்றால் எதன் வழியாக என்று அர்த்தம். அங்கே 1.20 என்று வந்திருக்க வேண்டும், 1.1 என்று வருகிறது.

சித்தப்பா (8:08): 1.1 நம் ரவுட்டர்தானே, அதில் என்ன தப்பு? நிலாவின் பிங் சர்வருக்கே வந்து சேரவில்லை என்றல்லவா நினைத்தேன்.

கார்த்தி (8:09): சந்தேகமாக இருந்தால் சர்வரில், வந்துபோகிற பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டி, ஐசிஎம்பி (பிங் வகைப் பாக்கெட்) மட்டும் பாருங்கள். நிலா, நீ பிங்கை நிறுத்தாதே.

சித்தப்பா (8:15): அட, ரிக்வெஸ்ட் ஒன்று வருகிறது, அதன் கீழேயே ரிப்ளை ஒன்று போகிறது, மாற்றி மாற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. சர்வர் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது!

கார்த்தி (8:21): ஆமாம், ஆனால் பதில் தப்பான வாசல் வழியாகப் போகிறது. 192.168.5 என்ற நிலா வீட்டு நெட்வொர்க் எங்கே இருக்கிறது என்று சர்வருக்கு யாரும் சொல்லாததால், தெரியாத முகவரிக்கெல்லாம் செய்வது போல டீஃபால்ட் கேட்வேயான ரவுட்டரிடம் கொடுக்கிறது, ரவுட்டருக்கும் அது தெரியாது, அதுவும் வெளியே இன்டர்நெட் பக்கம் தள்ளிவிடுகிறது, 192.168 என்று தொடங்குகிற முகவரியை வெளியே யாரும் சுமந்துபோக மாட்டார்கள் என்பதால் பாக்கெட் அங்கேயே காலி. உங்கள் வீட்டுக்குள் இருந்து திறந்தால் இந்தச் சிக்கலே வராது, சர்வரும் உங்கள் போனும் ஒரே நெட்வொர்க், கேட்வேக்கு அங்கே வேலை இல்லை. அதனால்தான் உங்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது.

நிலா (8:22): இவ்வளவு நாள் எப்படித் திறந்தது?

சித்தப்பா (8:24): விபிஎன் போட்ட அன்றைக்கே ஐபி ரூட் ஆட் கமாண்டில் அந்த வழியை நான்தான் சேர்த்தேன். உடனே வேலை செய்தது, சரி முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

கார்த்தி (8:25): அந்தக் கமாண்ட் எழுதுவது ஓடிக்கொண்டிருக்கிற கர்னலின் மெமரியில். எந்த ஃபைலிலும் பதிவாகாது. பெட்டி அணைந்தால் போச்சு, சில சமயம் அந்த இன்டர்ஃபேஸை இறக்கி ஏற்றினாலே போய்விடும்.

சித்தப்பா (8:27): இருடா, அவ்வளவு அசடு இல்லை நான். பூட் ஆகும்போது தானாக ஓடுகிற ஆர்சி லோக்கல் ஃபைலிலும் அதே வரியைப் போட்டு வைத்தேன். நடுவில் ஒரு தடவை ரீபூட் செய்தபோது தானாக வந்ததே.

கார்த்தி (8:28): ஓ. அப்படியானால் ஜர்னல்சிடிஎல் லாகில் ஆர்சி லோக்கல் சர்வீஸ் என்ன சொல்லி அழுதிருக்கிறது என்று பாருங்கள், இந்த பூட்டுக்கு மட்டும்.

சித்தப்பா (8:34): எரர், நெக்ஸ்ட்ஹாப் ஹேஸ் இன்வேலிட் கேட்வே.

கார்த்தி (8:38): அதேதான். சர்வர் பூட் ஆகும்போது தன் முகவரியை டிஹெச்சிபி வழியாக நெட்வொர்க்கிடம் கேட்டு வாங்குகிறது. அது கைக்கு வருவதற்கு முன்பே ஆர்சி லோக்கல் ஓடிவிட்டால், 1.20 என்பது நம் பக்கத்துப் பெட்டி என்பதே கர்னலுக்கு அந்த நொடியில் தெரியாது, அதனால் இந்த வழி செல்லாது என்று தள்ளிவிடும், யாரும் திரும்ப முயற்சி செய்வதும் இல்லை. போன தடவை முகவரி முந்திக்கொண்டது, இந்தத் தடவை ஸ்கிரிப்ட் முந்திக்கொண்டது. இந்த மாதிரி ஒரு தடவை வந்து ஒரு தடவை வராமல் போவதுதான் எனக்கு ஆகவே ஆகாது, ஒரேயடியாக வராமலே இருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்போம்.

கார்த்தி (8:40): அந்த வரியை ஆர்சி லோக்கலிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்களுடையது உபுண்டு, நெட்வொர்க் அமைப்பை எழுதி வைக்கிற நெட்பிளான் ஃபைல் இருக்கும். அதில் இஎன்பி3எஸ்0 அடியில், டிஹெச்சிபி4 வரிக்கு நேராக ரூட்ஸ் என்று ஒரு பகுதி. அதற்குள் டூ என்ற இடத்தில் 192.168.5.0/24 (நிலா வீட்டு நெட்வொர்க் முழுவதும்), வயா என்ற இடத்தில் 192.168.1.20. டேப் (Tab) கீயைத் தொடாதீர்கள், ஸ்பேஸ் மட்டும்தான், ஓர் இடம் பிசகினாலும் அந்த ஃபைலின் வடிவமான யாமல் கத்தும்.

சித்தப்பா (8:52): கத்தியது. இப்போது சரி செய்துவிட்டேன். அப்ளை கொடுக்கவா?

கார்த்தி (8:53): அப்ளை வேண்டாம், நெட்பிளான் ட்ரை கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழையபடி மாற்றிவிடும்.

நிலா (8:56): 10 பதில் சொல்கிறது!! ஆல்பமும் வந்துவிட்டது.

சித்தப்பா (8:57): ஐபி ரூட் பட்டியலில் இந்த வரியின் ஓரத்தில் ப்ரோட்டோ ஸ்டாடிக் என்று இருக்கிறதே, முன்பு நான் சேர்த்தபோது அப்படி எதுவும் பார்த்த ஞாபகம் இல்லை.

கார்த்தி (8:58): கையால் சும்மா சேர்த்த வழிக்கு அந்த இடத்தில் எதுவும் காட்டாது, ஃபைலிலிருந்து வந்ததற்கு ஸ்டாடிக் என்று போடும். இனிமேல் எந்த சர்வரில் உட்கார்ந்தாலும் ரீபூட்டுக்கு முன்பு ப்ரோட்டோ இல்லாத வரிகளைத் தேடுங்கள், காணாமல் போகப்போவது அநேகமாக அவைதான். சரி, இப்போது சர்வரை ரீபூட் செய்யுங்கள்.

சித்தப்பா (8:59): டேய், இப்போதுதானே வேலை செய்கிறது!

கார்த்தி (8:59): அதனால்தான். நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், நான் விழித்திருக்கிறேன். விபிஎன் பெட்டியையும் சேர்த்து அணைத்துப் போடுங்கள்.

நிலா (9:08): மறுபடி போச்சு. 20 பேசுகிறது, 10 பேசவில்லை.

சித்தப்பா (9:09): சொன்னேனா இல்லையா.

கார்த்தி (9:10): சர்வரில் ஐபி ரூட் கெட் என்ன சொல்கிறது?

சித்தப்பா (9:12): வயா 1.20. சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் டிசிபிடம்பில் இந்தத் தடவை ஒரு ரிக்வெஸ்ட்கூட வரவில்லை.

கார்த்தி (9:13): அப்படியானால் இந்தத் தடவை குற்றவாளி குட்டிப் பெட்டி. அதில் ஐபி ஃபார்வர்ட் எவ்வளவு என்று பாருங்கள்.

சித்தப்பா (9:16): 0. அதையும் அன்றைக்குக் கையால்தான் 1 ஆக்கினேன் 🤦

கார்த்தி (9:18): 0 என்றால் தனக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும், அடுத்தவருக்கு வந்ததைக் கடத்திவிடாது. பூட் ஆகும்போது கர்னல் அமைப்புகளைப் படிக்கிற சிஸ்சிடிஎல் டாட் டி அடைவில் சின்ன ஃபைல் ஒன்று போட்டு, அதில் நெட் ஐபிவி4 ஐபி ஃபார்வர்ட் 1 என்று எழுதுங்கள். எழுதிவிட்டு அந்தப் பெட்டியை மட்டும் திரும்ப ரீபூட்.

நிலா (9:27): வந்துவிட்டது. பிங், ஆல்பம் இரண்டும்.

அத்தை (9:29): எனக்கும் வந்துவிட்டது தம்பி. முதல் படத்திலேயே நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன், இதை யார் ஏற்றியது?