ரிசீவர் பொறிப்பில் நிறம்: ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

வணக்கம்.

ரைஃபிள் பராமரிப்புக் கையேடு ஒன்று நாளை மாலைக்குள் போகவேண்டும். ரிசீவரில் (துப்பாக்கியின் இயங்குபாகங்களைத் தாங்கும் நடுவுடல்) பொறித்த எழுத்து, சேஃப்டி குறி இவற்றின் பள்ளத்தில் எனாமல் பெயிண்டை இட்டு, மேற்பரப்பைத் துடைத்தெடுக்கும் வேலைக்குச் சொல் இல்லை. 'வண்ணம் பூசுதல்' என்றால் ரிசீவர் முழுக்க அடித்துவிடுவார்கள். 'வண்ணநிரப்பு' சரிவருமா?

———
> 'வண்ணநிரப்பு' சரிவருமா?

வண்ணம் வடசொல். நிறநிரப்பு என்க.

———
தொல்காப்பியச் செய்யுளியல் 20 வண்ணம் சொல்கிறதே ஐயா! அது சந்தம், சாயமன்று என்பீர்கள், தெரியும். ஆனால் 'நிறம்' சங்கச் செய்யுளில் மார்புக்கும் பெயர். துப்பாக்கிக் கையேட்டில் போய் 'நிறநிரப்பு' என்றால் எதை நிரப்பச் சொல்கிறோம்?

———
சொல்லுக்கு முன் செயலைப் பாருங்கள். மேகசினைக் (தோட்டாக்கூடு) கழற்றி, சேம்பர் (தோட்டா வெடிக்கும் அறை) காலியா என்று பார்த்தபின், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் பள்ளத்தின் எண்ணெய் போகத் துடைக்கவேண்டும். எண்ணெய் மிஞ்சினால் பெயிண்ட் செதிலாகப் பெயரும். பல்குத்தும் குச்சியால் விளிம்புக்குச் சற்று மேலே நிற்கும்படி நிரப்பி, சில நிமிடம் இறுகவிட்டு, தட்டையான பிளாஸ்டிக் அட்டையில் துணியை இழுத்துச் சுற்றி, மினரல் ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து, கோட்டுக்குக் குறுக்கே துடைக்கவேண்டும். பஞ்சு கூடாது, பள்ளத்துக்குள் இறங்கிப் பெயிண்டை வாரிக்கொண்டு வந்துவிடும். அசிட்டோன் பல பாலிமர்களை இளக்கும். எஃகு துருப்பிடிக்காமலிருக்க இடும் பாஸ்பேட் பூச்சு நுண்துளைகள் கொண்டது. வெள்ளைப் பெயிண்ட் சுற்றிலும் சாம்பல் பூத்தாற்போல் தங்கிவிடும், எனவே ஓரமெல்லாம் டேப் ஒட்டுங்கள். மேலோட்டமான லேசர் பொறிப்பில் எதுவும் நிற்காது. ஒருநாள் முழுக்கக் காயவேண்டும். தொடரெண் மேல் உப்புத்தாளே வேண்டாம். அதை அழிப்பது பல நாடுகளில் குற்றம்.

ஆக, நிரப்புவது பாதி, துடைப்பது பாதி. 'நிரப்பு' மட்டும் போதாது.

———
இதே வேலையை நம்மவர் ஓலையில் செய்தார்களே! எழுத்தாணியால் கீறி, விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்து, துடைத்தால் கீறலில் மட்டும் கரி நிற்கும். 'மையாடல்' என்ற பழஞ்சொல் இருக்கிறது. எடுத்தாளுங்கள்.

———
மையாடல் என்பது பிள்ளைக்கு எழுத்தறிவிக்க ஏடு தொடங்கும் சடங்குக்கான சொல். மேலும் மை என்றால் கருமை, கார்மேகம். கறுப்பு ரிசீவரில் கறுப்பையா நிரப்புவது?

———
'சிவப்பு மை' என்று எழுதுகிறோமே, அப்போது கருமை எங்கே போயிற்று?

———
நீராடல் போல மையாடல் என்றால் துப்பாக்கியை மையில் முக்குவதாகத்தான் எனக்குப் படுகிறது. 'குழிவண்ணம்' எப்படி? உருபும் பயனும் உடன்தொக்க தொகை, அதாவது 'இல்', 'நிரப்பிய' இரண்டும் மறைந்து நிற்கும். குழியில் நிரப்பிய வண்ணம்.

———
படிக்கப்போகிறவர் ஆயுதம் பழுதுபார்ப்பவர். தொகையை விரித்துப் பார்த்துவிட்டா குச்சியை எடுப்பார்? 'பெயிண்ட் ஃபில்' என்றே விடுங்கள்.

———
நன்றி. 'பொறிப்புக்கு நிறமேற்றல்' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'பெயிண்ட் ஃபில்' என்பதையும் சேர்க்கிறேன். மூவர் சரி என்றார்கள், ஒருவர் பேசவில்லை.

———
துடைத்தல் அதில் எங்கே? என் மறுப்பு பதிவாகட்டும், மையாடல்தான்.

அது கிடக்கட்டும், ரிசீவருக்கு என்ன போட்டீர்கள்? 'வாங்கி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.