நம்ம வீடு குழு: தாம்பாளமும் விளக்கு மூடியும்

நவம்பர் 23

நான் · மாலை 6:05
அண்ணா, குட்டி விடாமல் பார்க்கிறானே டாக்டர் ஹூ டி.வி. தொடர், அது 1963-ல் இதே தேதியில்தான் பி.பி.சி.யில் தொடங்கியது. அதன் தொடக்க இசையை உருவாக்கியவர் உங்க ஊர்க்காரர். டீலியா டெர்பிஷயர், 1937-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறந்தவர்.

அண்ணன் · 6:09
இங்கே பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் ஒரு கட்டடம் இருக்கிறது. யாரோ பேராசிரியர் என்று நினைத்திருந்தேன்!

பெரியப்பா · 6:14
1963-லேயே கீபோர்டில் இப்படியெல்லாம் சத்தம் வருமா பாப்பா?

நான் · 6:17
கீபோர்டே இல்லை பெரியப்பா. கருவிகளைச் சோதிக்க ஒரே சுருதியில் 'ஊம்' என்று ஒலிக்கும் ஆசிலேட்டர், மீட்டிய ஒற்றைக் கம்பி, இவற்றின் ஓசையை டேப்பில் பிடித்தார். டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். அப்படி ஸ்வரம் ஸ்வரமாக எடுத்து, பிளேடால் வெட்டி ஒட்டித்தான் முழு இசையும் வந்தது. துண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் அந்த ஸ்வரம்.

நான் · 6:18
ஒரு இடத்தில் தாளம் பிசகியதாம். பி.பி.சி.யின் மைடா வேல் ஸ்டூடியோவின் நீண்ட தாழ்வாரத்தில் டேப்புகளை அருகருகே விரித்துப் போட்டுத்தான் தவறான ஒட்டைக் கண்டுபிடித்தார்கள்.

பெரியப்பா · 6:23
தியேட்டரில் பிலிம் அறுந்தால் சிமெண்ட் என்ற பிலிம் பசை தடவி ஒட்டுவேன். ஒட்டு சரியில்லை என்றால் ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்கும். ஒரு ஷோவுக்கு இரண்டு ஒட்டு என்றாலே பதற்றமாக இருக்கும். ஒரு பாட்டு முழுக்க ஒட்டு என்றால் அந்தக் கைக்கு எவ்வளவு பொறுமை!

அத்தை · 6:25
டைட்டிலில் அவர் பெயர் போட்டார்களா?

நான் · 6:28
இல்லை அத்தை. மெட்டை எழுதியவர் ரான் கிரெய்னர். டீலியா செய்ததைக் கேட்டு அசந்துபோய், தன் ராயல்டியில் பாதியைத் தர அவரே முன்வந்தார். பி.பி.சி. விதி இடம் தரவில்லை. 2013-ல், 50-ஆம் ஆண்டுச் சிறப்புப் படத்தில்தான் திரையில் பெயர் வந்தது. டீலியா 2001-லேயே போய்விட்டார்.

அத்தை · 6:29
அடப்பாவமே. உயிரோடு இருந்தபோது போட்டிருக்கக் கூடாதா.

நான் · 6:33
கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். 1959-ல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டதற்கு, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம்தான் பி.பி.சி.

நான் · 6:34
பெரியப்பா, உங்களுக்குப் பிடித்த ஒன்று. டீலியா வேலை செய்த, பி.பி.சி. நிகழ்ச்சிகளுக்கு விசேஷ ஒலிகள் செய்துவந்த ரேடியோபோனிக் வொர்க்‌ஷாப்பை 1958-ல் தொடங்கியவர்களில் டாஃப்னி ஓரம் என்ற பெண்ணும் உண்டு. மறு வருடமே விலகி, கென்ட் பகுதியில் தன் வீட்டிலேயே ஒரு கருவி கட்டினார். 35 எம்.எம். பிலிமில் கோடு வரைவார், ஒளி அதன் வழியே பாயும், கோட்டுக்கு ஏற்ப ஒலி வரும்.

பெரியப்பா · 6:36
சவுண்ட் டிராக்!! பிலிம் ஓரத்தில் ஓடுமே, அதே வழி. லாம்ப், ஒளியை மின்சாரமாக்கும் போட்டோசெல், எல்லாம் என் புரொஜெக்டரில் இருந்ததுதான். அதைக் கையால் வரையலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கெட்டிக்காரி.

அத்தை · 6:40
விளக்கு மூடியைத் தட்டி இசை செய்தார் என்று அன்றைக்குச் சொன்னாயே, அதுவும் டீலியாதானா?

நான் · 6:42
அவரேதான். ஸ்டூடியோவில் கிடந்த பச்சை உலோக மூடி. தட்டும்போது வரும் 'டங்'கை வெட்டி எறிந்துவிட்டு, பின்னால் வரும் ரீங்காரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அத்தை, பூஜை அறைத் தாம்பாளத்தை ஒரு தட்டு தட்டி அனுப்புங்கள்.

அத்தை · 6:47
🎤 குரல் பதிவு 0:09

நான் · 7:02
'டங்'கை எடுத்துவிட்டேன், வேகத்தைப் பாதியாக்கினேன். ஹெட்போனில் கேளுங்கள்.
🎵 ஆடியோ 0:16

பெரியப்பா · 7:05
கோயில் மணி குளத்துக்கு அடியில் ஒலிக்கிற மாதிரி இருக்கிறது.

அத்தை · 7:06
இது நம்ம தாம்பாளமா? குத்துவிளக்கையும் தட்டி அனுப்பவா?