அக்ரோபோலிஸ்: வழிகாட்டியோடு போவதா, தனியாகச் சுற்றுவதா?

பொன்னி:
அக்டோபரில் ஏதென்ஸ் போகிறோம். நான், கணவர், 68 வயது மாமியார். அக்ரோபோலிஸ் குன்றையும் கீழே இருக்கும் அருங்காட்சியகத்தையும் சேர்த்து நாலு மணி நேரம் நடந்து காட்டும் குழுச் சுற்றுலா ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். குன்றுக்கு நுழைவுச் சீட்டே ஆளுக்கு 30 யூரோ, அதற்கு மேல் வழிகாட்டிக்கு வேறு எதற்கு, போனில் படித்துக்கொண்டே போகலாம் என்கிறார் கணவர். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நாடோடி:
உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. குழுவில் சேர்ந்தால் நிற்கவும் நடக்கவும் இன்னொருவர் தயவு வேண்டும். குன்றின் மேல் இருக்கும் எரெக்தியான் கோவில் முன்னால் இன்னும் கொஞ்சம் நிற்க ஆசையாக இருக்கும். கொடியைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பிவிடுவார். இது நேற்று வந்த குறை இல்லை. டெல்ஃபி அப்பல்லோ கோவிலில் பூசாரியாக இருந்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்: பேச்சைச் சுருக்குங்கள், கல்வெட்டையெல்லாம் விளக்க வேண்டாம் என்று வந்தவர்கள் கெஞ்சியும், வழிகாட்டிகள் மனப்பாடமாக வைத்திருந்ததை ஒப்பித்துக்கொண்டே போனார்களாம். வீட்டிலேயே படித்துவிட்டு, காலை முதல் நேரத்துக்குச் சீட்டு எடுத்துப் போங்கள்.

கல்தச்சன்:
படித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் எங்கே நின்று எதைப் பார்ப்பது? குன்றின் பெரிய கோவிலான பார்த்தெனானின் மேடை நேர்கோடாகத் தெரியும், ஆனால் அது நேர்கோடே இல்லை. நடுப்பகுதி மேடு தட்டியிருக்கிறது. குறுகிய பக்கத்தில் சுமார் 6 செ.மீ., நீண்ட பக்கத்தில் சுமார் 11 செ.மீ. எங்கள் வழிகாட்டி மூலைக்குக் கூட்டிப் போய், கயிற்றுக்கு வெளியே குனிந்து, படியின் விளிம்பை ஒட்டியே பார்வையை ஓட விடச் சொன்னார். வில் போல வளைவது அப்போதுதான் பிடிபட்டது. அதுவரை அதே படிகளைச் சாதாரணமாகக் கடந்து போயிருந்தேன்.

அப்புறம் அந்தத் தேன் நிறத் தூண்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்ற துண்டுகள். அவை சீரமைப்பில் சேர்த்த புதுப் பளிங்கு. கோவில் கட்டிய அதே பெந்தெலிக்கோன் மலைக் கல். பழைய சிற்பிகள் கல்லோடு கல்லை இணைத்த இரும்புப் பட்டையைச் சுற்றி ஈயம் உருக்கி ஊற்றினார்கள், துரு பிடிக்காமல் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுது பார்த்தவர்கள் வெறும் இரும்பை வைத்தார்கள். அது துருவேறி ஊதிப் பளிங்கையே பிளந்துவிட்டது. இப்போது அதை எடுத்துவிட்டு டைட்டேனியம் வைக்கிறார்கள். விரிசலை விரலால் சுட்டிக் காட்டி ஒருவர் இதைச் சொன்னால் மறக்கவே மறக்காது.

நாடோடி:
உங்களுக்கு நல்ல ஆள் அமைந்திருக்கிறார். எனக்கு வாய்த்தவர் அத்தீனா, பொசைடன் என்ற கிரேக்கத் தெய்வங்கள் போட்டியிட்ட கதையைச் சொல்லியே பாதி நேரத்தைத் தீர்த்தார். 1687இல் கோவிலுக்குள் துருக்கியர் வைத்திருந்த வெடிமருந்தில் வெனிஸ் படையின் குண்டு விழுந்துதான் கட்டடம் சிதறியது. அதற்கு ஒரே வரி! யார் வாய்ப்பார் என்று தெரியாமல் பணம் கட்டச் சொல்கிறீர்கள்.

அருங்காட்சியகத்துக்கு வழிகாட்டி வேண்டவே வேண்டாம் என்பதில் நான் உறுதி. 2009இல் திறந்த கட்டடம். மேல்தளத்தைக் கோவில் நிற்கும் திசைக்கே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள், கண்ணாடி வழியே பார்த்தெனான் தெரியும். கோவிலைச் சுற்றி ஓடிய சிற்பப் பட்டையின் நீளம் 160 மீட்டர். சுமார் 50 மீட்டர் இங்கே, 80 மீட்டர் லண்டனில். இல்லாத இடங்களில் வெள்ளைச் சாந்து நகல். அசல் எங்கே முடிகிறது, நகல் எங்கே தொடங்குகிறது என்று நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எரெக்தியானைத் தாங்கிய ஆறு பெண் சிலைகளில் ஐந்து இங்கே இருக்கின்றன, ஆறாவதின் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். பின்பக்கம் போய் அவர்களுடைய சடைப் பின்னலை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு பின்னல்.

கடலோடி:
பொன்னி அக்கா, அருங்காட்சியகம் பற்றி நாடோடி சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கல்வெட்டு விளக்கத்தை அவர் அலுப்பாகச் சொன்னது எனக்கு வருத்தம். அதே டெல்ஃபியில், அப்பல்லோ கோவில் மேடையைத் தாங்கும் பலகோணக் கற்சுவர் ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுகிறார்கள். சுவர் முழுக்கப் பொடிப்பொடியாக எழுத்து. அடிமைகள் விடுதலையான பத்திரங்கள் அவை, நூற்றுக்கணக்கில். அடிமையைக் கடவுளுக்கு விற்றதாக எழுதுவார்கள். அதன் பிறகு அவரை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பலவற்றில் ஒரு நிபந்தனையும் உண்டு: எசமானர் சாகும்வரை கூடவே இருந்து வேலை செய்ய வேண்டும். எங்கள் வழிகாட்டி அதில் ஒன்றைக் கிரேக்கத்தில் வாசித்துப் பொருள் சொன்னார். புளூட்டார்க்கின் ஆட்கள் வேண்டாம் என்று கெஞ்சியது இதைத்தானே? எனக்கு அந்தப் பயணத்தில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

கிரீஸில் வழிகாட்டிகளுக்கு அரசு உரிமம் உண்டு, அதற்கென்று படித்துத் தேறியவர்கள். பதிவு செய்யும்போதே உரிமம் உள்ளவரா என்று கேளுங்கள். ஐம்பது பேர் குழுவுக்குப் போகாதீர்கள், சிறு குழுவாகப் பாருங்கள்.

நாடோடி:
அந்தச் சுவரை நானும் கடந்துதான் போயிருக்கிறேன். அங்கே ஆள் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நாலு மணி நேரம் ஒரே மூச்சில் குன்று, அருங்காட்சியகம் இரண்டும் 68 வயதுக்காரருக்கு வேண்டாம். லட்சக்கணக்கான கால்கள் பட்டுப் பளிங்கு வழுக்குகிறது. குன்று ஒரு நாள், அருங்காட்சியகம் மறுநாள் என்று வையுங்கள். வடக்குப் பக்கம் லிஃப்ட் இருக்கிறது, நடக்க முடியாதவர்களுக்கானது.

கல்தச்சன்:
மேலே கான்கிரீட் பாதையும் போட்டிருக்கிறார்கள். பாறையை மறைத்துவிட்டார்கள் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது, எனக்கும் அது பிடிக்கவில்லை. உங்கள் மாமியாருக்கு உதவும்.

பொன்னி:
எல்லோருக்கும் நன்றி. நாலு மணி நேரக் குழுவை விட்டுவிட்டோம். குன்றுக்கு மட்டும் சிறு குழு தேடுகிறேன், கணவருக்கு இன்னும் அரைமனதுதான். இதையெல்லாம் படித்துக் காட்டியதில் மாமியார் டெல்ஃபி சுவரைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். ஒரே நாளில் போய் வர முடியுமா?

கடலோடி:
முடியும், பேருந்தில் ஒரு பக்கம் சுமார் மூன்று மணி நேரம். ஆனால் இடம் முழுக்க ஏற்றம். அத்தையை அரங்கம் வரை ஏற்ற வேண்டாம். சுவர் அதற்குக் கீழேயே வந்துவிடும். டெல்ஃபி அருங்காட்சியகத்தில் வெண்கலத் தேரோட்டிச் சிலையை விட்டுவிடாதீர்கள், கண்ணில் பதித்த மணிகள் அப்படியே இருக்கின்றன. அங்கே ஒரு இரவு தங்க முடிந்தால் தங்கிவிடுங்கள்.