லேஸ் கட்டிய தோல் கூடைப்பந்து, "1890கள்" என்று விற்கிறார்கள்: வாங்கலாமா?

வெள்ளவத்தைக்கரை:
அமெரிக்காவில் ஒருவர் ஒன்லைனில் ஒரு பழைய தோல் பந்து போட்டிருக்கிறார். தலைப்பு "1890களின் கூடைப்பந்து". வாய் லேஸால் கட்டியிருக்கிறது. பக்கத்தில் வெள்ளைப் பெயின்ற்றில் 1897 என்று எழுதியிருக்கிறது. கேட்கிற விலை 450 டொலர், கொழும்புக்கு அனுப்பும் செலவு வேறு. அளவு, நிறை எதுவும் போடவில்லை, நாலு படம் மட்டும்தான்.

மூன்று கேள்வி. இது உண்மையானதா என்று படத்தை வைத்து எப்படிப் பிடிப்பது? இதே காசுக்கு ஆரம்பகாலக் கூடைப்பந்தாட்டத்தில் வேறு என்ன பெறுமதியாக வாங்கலாம்? வீடு கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, ஜன்னல் நாள் முழுக்கத் திறந்திருக்கும். தோலும் தாளும் இங்கே தாங்குமா? மண்டபத்தில் கண்ணாடி அலுமாரி ஒன்று இருக்கிறது.

பழந்தோல்:
தம்பி, காசு அனுப்ப முதல் விற்பவரிடம் இன்னும் சில படம் கேளுங்கோ.

முதலில் சுற்றளவு. தையற்காரர் நாடாவைப் பந்தின் நடுவில் சுற்றி, இலக்கம் தெரிகிற மாதிரி எடுத்த படம் வேணும். அந்தக் கால விதிப்படி கூடைப்பந்து 30 முதல் 32 அங்குலம், அதாவது 76 முதல் 81 சென்ரிமீற்றர். இன்றைய பந்தைவிடப் பெரிது. உதைபந்து 27, 28 அங்குலத்தோடு நின்றுவிடும். காற்றுப்போய்ச் சப்பையாகக் கிடந்தால் நாடா சரியாகச் சொல்லாது. அப்போது ஒரு தோல் துண்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தையல் வழியே அளக்கச் சொல்லுங்கோ. துண்டுகள் முனைக்கு முனை போகிற பந்தில் அது சுற்றளவில் சரிபாதி, ஆகவே 15 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. நிறையும் கேளுங்கோ. இரண்டு கிலோ, மூன்று கிலோ என்றால் அது மெடிசின் போல் என்கிற, உடற்பயிற்சிக்கு எறிகிற கனத்த பந்து. அதுவும் லேஸ் கட்டியே வந்தது, அதையும் கூடைப்பந்து என்று விற்கிறார்கள்.

அடுத்தது காற்றடிக்கிற வழி. லேஸ் கட்டிய பந்துக்குள்ளே காற்று நிற்கிற இறப்பர் பைக்கு, அதாவது பிளாடருக்கு, ஒரு குழாய் உண்டு. காற்றடித்து, குழாயை மடித்து நூலால் கட்டி, தோல் நாக்குக்குக் கீழே செருகிவிட்டுத்தான் மேலே லேஸ் போடுவார்கள். லேஸும் இருக்கிறது, ஊசி போடுகிற சின்ன ஓட்டையும் இருக்கிறது என்றால் அந்த லேஸ் வெறும் அலங்காரம். வீட்டு அலங்காரத்துக்கென்று இப்படிப் பழைய சாயலில் புதுப் பந்துகள் இந்தியாவிலிருந்து நிறைய ஏற்றுமதியாகின்றன.

பெயின்ற்றில் எழுதிய ஆண்டுதான் விலையை ஏற்றுகிறது, ஆகவே அதிலே கூடக் கவனம் வேணும். ரோர்ச் லைற்றைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடித்து, எழுத்தை மட்டும் கிட்ட எடுக்கச் சொல்லுங்கோ. தோலில் வெடிப்பு ஓடுகிற இடத்தில் பெயின்ற்றும் சேர்ந்து வெடித்திருந்தால் எழுத்து தோலோடு கிழடானது. பெயின்ற் வெடிப்புக்குள் இறங்கி நிரம்பியிருந்தால், தோல் கிழடான பிறகு எழுதியது. இதற்குப் பூதக்கண்ணாடி கூடத் தேவையில்லை, வடிவாகத் தெரியும்.

செய்த நிறுவனத்தின் முத்திரை இருந்தால் அது தோலில் அழுத்திப் பதிந்ததா, மேலே அச்சடித்ததா என்று பாருங்கோ. 1920 வரைக்கும் அமெரிக்காவில் "பாஸ்கெட்", "போல்" என்று இரண்டாகப் பிரித்து எழுதுவதே வழக்கம். சேர்த்து எழுதிய முத்திரையோடு 1897 என்று வந்தால் கைவிடுங்கோ.

விற்பவர் "காற்றடித்துக் காட்டுகிறேன்" என்றால் உடனே மறியுங்கோ. நூல் உக்கியிருக்கும், பிளாடர் பாணியாகி அல்லது கல்லாகி இருக்கும். ஒரு தரம் பம்ப் பண்ணினால் தையல் வரிசையாக விட்டுப்போகும்.

தாள்ப்பெட்டி:
பந்து பற்றி அண்ணை சொல்லிவிட்டார். நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: தாள் வாங்குங்கோ.

முதல் ஆட்டம் 1891 டிசம்பரில், மசாசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் தட்டச்சு செய்வித்த 13 விதிகள், இரண்டே தாள், 2010இல் 43 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. அது இப்போது கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆனால் அடுத்த இருபது முப்பது வருடத்தில் அச்சான சிறு நூல்களும் குழுப் படங்களும் எங்களுக்கு எட்டுகிற விலையில் இன்னும் வருகின்றன.

ஸ்போல்டிங் நிறுவனம் வருடா வருடம் வெளியிட்ட விதிப்புத்தகங்கள்தான் என் முதல் தெரிவு. சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவு. விதி, குழுப் படங்கள், கடைசியில் பந்து, வளையம், சப்பாத்து, உடுப்பு எல்லாவற்றுக்கும் படமும் விலையும் போட்ட விளம்பரப் பக்கங்கள். அந்த விளம்பரம்தான் பின்னாளில் நீங்கள் பந்து வாங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கிற சாட்சி. அதனால்தான் பலர் அதைக் கிழித்துத் தனியாக விற்றுவிடுவார்கள். வாங்க முதல் விளம்பரப் பக்கங்கள் முழுசா என்று கேட்டே ஆகவேணும். நடுக் கம்பி பழசானால் துருப்பிடித்து, அதைச் சுற்றித் தாளில் மண்ணிறக் கறை ஊறியிருக்கும். கறை இருக்கிறது, கம்பி மட்டும் பளபளக்கிறது என்றால் பிரித்து, பக்கம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பழைய பதிப்புகள் சில இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையத்தளத்தில் முழுசாகக் கிடக்கின்றன. பக்க எண்ணிக்கையை அங்கே சரிபார்க்கலாம்.

அடுத்தது உண்மையான ஒளிப்படத் தபாலட்டை, அதாவது அச்சடிக்காமல் ஒளிப்படத் தாளிலேயே கழுவி எடுத்த தபாலட்டை. பாடசாலை, வை.எம்.சி.ஏ., சிற்றூர்க் குழுக்கள் ஸ்ரூடியோவில் நின்று எடுத்தவை. நடுவில் இருப்பவர் மடியில் பந்து, பந்தில் வெள்ளையில் 08 அல்லது 1908-09 என்று ஆண்டு. அந்த ஆண்டைப் பின்பக்கத்தோடு பொருத்துங்கோ. முத்திரை ஒட்டுகிற கட்டத்தில் தாளின் பெயர் இருக்கும். அஸோ (AZO) என்ற வகைத் தாளில் அந்தக் கட்டத்தின் மூலைகளில் உள்ள நாலு முக்கோணமும் மேல்நோக்கி நின்றால் 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் 1918க்குப் பிறகு, 1930 வரை. பந்தில் 08 என்று இருந்து, பின்னால் முக்கோணம் இரண்டு கீழே பார்த்தால் அது பிறகு போட்ட பிரதி. பின்பக்கம் நடுக்கோடு போட்டு, ஒரு பாதியில் கடிதம் எழுத அமெரிக்கா அனுமதித்தது 1907 மார்ச்சில்தான். அதற்கு முந்திய திகதி சொல்கிற அட்டையில் அந்தக் கோடு இருக்கக்கூடாது.

10 மடங்கு லூப் ஒன்று கட்டாயம் வாங்குங்கோ, நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கிறதுதான். உண்மை ஒளிப்படத்தில் முகம் புள்ளியில்லாமல் வழவழவென்று போகும். புள்ளி தெரிந்தால் அச்சு. அட்டையைச் சரித்துப் பிடித்தால் ஓரத்துக் கறுப்பில் நீலம் கலந்த வெள்ளி மினுக்கம் தெரியவேணும். அது ஜெலட்டினில் உள்ள வெள்ளி வருடக்கணக்கில் மேலே வருவது, பொய்யாகச் செய்வது லேசில்லை. புறஊதா ரோர்ச்சில் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி போட்ட தாள். அது பரவலானது 1950ஐ ஒட்டித்தான்.

வீரர் படம் போட்ட சேகரிப்பு அட்டை சேர்ப்பதானால், போமன் நிறுவனத்தின் 1948 தொகுதி 72 அட்டை. 69ஆம் இலக்கம் ஜோர்ஜ் மைக்கன், போலி மலிந்தது. தரம் பார்க்கிற நிறுவனம் சோதித்து, இலக்கம் போட்டு மூடிய உறையில் இல்லாத மைக்கனைத் தொடாதீங்கோ. உறை இருந்தாலும் அதன் இலக்கத்தை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கோ. அதே தொகுதியின் பெயர் தெரியாத வீரர்கள் மலிவு. அளவு 2 1/16க்கு 2 1/2 அங்குலம், ஓரம் வெட்டியிருக்கிறதா என்று மட்டும் அளந்து பார்த்தால் போதும். கௌடி நிறுவனத்தின் 1933 ஸ்போர்ட் கிங்ஸ் அட்டைத் தொகுதியில் கூடைப்பந்தாட்டக்காரர் நாலே பேர், நாலும் விலை கூட.

நைஸ்மித் கையெழுத்துப் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அவர் இறந்தது 1939 நவம்பரில், இந்த ஆட்டத்தின் தோற்றம் பற்றி அவர் எழுதிய நூல் அச்சானது 1941இல். அந்த நூலில் அவர் கையெழுத்து என்று யாராவது நீட்டினால் அது என்னவென்று உங்களுக்கே விளங்கும்.

வெள்ளவத்தைக்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. விற்பவர் பதில் போட்டார். சுற்றளவு 27 1/2 அங்குலம், பந்து இறுகித்தான் இருக்கிறதாம். தோல் 18 பட்டி, மூன்று மூன்றாக அடுக்கியது. ஊசி ஓட்டை இல்லை, உள்ளே குழாய் இருக்கிறது. "அளவு சிறிதாக இருக்கே" என்று கேட்டதற்கு, முதல் ஆட்டமே உதைபந்தால்தானே ஆடினார்கள் என்கிறார்.

பழந்தோல்:
அவர் சொன்ன வரலாறு சரி, அதைக் கொண்டுபோய் ஒட்டின இடம் பிழை. 1891இல் பீச் பழக்கூடையும் உதைபந்தும் வைத்துத்தான் ஆடினார்கள். கூடைப்பந்துக்கென்று தனிப் பந்து 1894ஐ ஒட்டித்தான் வந்தது. ஆனால் 1897 என்று எழுதிய பந்துக்கு அந்தச் சாட்டு உதவாது, அப்போது 30 அங்குலப் பந்து கடையில் இருந்தது. அதோடு மும்மூன்று பட்டியாக 18 துண்டு என்பது இருபதாம் நூற்றாண்டு உதைபந்தின் வெட்டு, லேஸோடு 1950கள் வரைக்கும் வந்தது.

உதைபந்து ஒன்று கூடைப்பந்தாக விலைபோக வேணுமென்றால் கூடவே கடிதம், குழுப் படம், கொடுத்த குடும்பத்தின் எழுத்து என்று ஏதாவது ஒரு சங்கிலி வேணும். இங்கே ஒன்றும் இல்லை. பழைய உதைபந்து என்ற விலைக்குக் கூட பிழையான ஆண்டோடு விற்பவரிடம் வாங்கத் தேவையில்லை. விட்டுவிடுங்கோ.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கூரியர்காரர் நிறையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் கன அளவையும் பார்ப்பார். நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 சென்ரிமீற்றர் உள்ள பெட்டி என்றால் 27,000 கன சென்ரிமீற்றரை அவர்கள் வழக்கப்படி 5,000ஆல் பிரித்து 5.4 கிலோவுக்குக் காசு. உள்ளே இருப்பது ஒரு கிலோ கூட இல்லை. அமத்தி மடித்து அனுப்பச் சொல்லவும் ஏலாது, காய்ந்த தோல் மடிப்பில் உடையும்.

ஈரப்பதம்60:
மூன்றாவது கேள்விக்கு. கண்ணாடி அலுமாரி வேண்டாம். கடற்கரை வீட்டில் மண்டபத்துக் காற்று வருடத்தில் அதிக நாள் 75 வீத ஈரப்பதத்துக்கு மேல். 65ஐத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கும். ஏசி இருக்கிற அறையும் நல்லதில்லை. இரவில் போட்டுக் காலையில் நிற்பாட்டினால் குளிர்ந்த தாளில் ஈரம் படியும்.

இறப்பர் வளையத்தோடு நாலு பக்கமும் கிளிப் மூடுகிற 20 லீற்றர் பெட்டி வாங்குங்கோ. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பொலிப்புரொப்பிலீன், அதுதான் வேணும். அதற்குள் கொஞ்சமாகச் சிலிக்கா ஜெல், நிறம் மாறுகிற செம்மஞ்சள் வகை, துணிப்பையில் கட்டி. நிறம் மாறினால் அவணில் 120 பாகையில் இரண்டு மூன்று மணித்தியாலம். அதற்கு மேல் சூடு ஏற்றினால் நிறம் காட்டுகிற பகுதி கெட்டுவிடும். உள்ளே ஒரு ஈரமானி. இலக்கு 45 முதல் 55 வீதம். 40க்குக் கீழே போகவிட்டால் தோல் வெடிக்கும், ஆகவே ஜெல்லை அள்ளிக் கொட்டுவதும் தப்பு.

மலிவு ஈரமானிகள் பத்து வீதம் கூடக் குறையக் காட்டும். ஒரு போத்தல் மூடியில் உப்பைப் போட்டு, சில துளி தண்ணீர் விட்டுக் களியாக்கி, மானியோடு சேர்த்து சிப் பையில் இறுக்கி ஒரு இரவு விடுங்கோ. காலையில் 75 காட்டவேணும். 69 காட்டினால் எப்போதும் 6ஐக் கூட்டிப் படியுங்கோ.

தோலுக்குத் தேங்காயெண்ணெய், சப்பாத்துப் பொலிஷ் எதுவும் வேண்டாம். எண்ணெய் ஊறிக் கறுத்து, காறலெடுத்து, அதிலேயே பூஞ்சணம் வளரும். தொட்டால் சிவந்த பொடி கையில் ஒட்டுகிற தோலுக்கு ஹைட்ரொக்ஸிபுரோப்பைல் செல்லுலோஸ் என்ற பசைத்தூளை அற்ககோலில் 1 அல்லது 2 வீதம் கரைத்து மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு. முதலில் லேஸுக்குக் கீழே மறைவிடத்தில் பூசிப் பாருங்கோ, தோல் கறுத்தால் அதோடு நிறுத்துங்கோ.

பூச்சிக்குப் பூச்சியுருண்டை போடாதீங்கோ, பிளாஸ்டிக் உறையை இளக்கிவிடும். தாளில் பூச்சி என்றால் பொலித்தீன் பையில் காற்று எடுத்து மூடி, வீட்டு ஆழ்குளிரூட்டியில் இரண்டு கிழமை. எடுத்த பிறகு பை அறைச் சூட்டுக்கு வரும்வரை, ஒரு முழு நாள், திறக்கக்கூடாது. இது தாளுக்கு மட்டும், ஒளிப்படத்துக்கு வேண்டாம்.

பிளாடர் உள்ள பந்தையும் வெள்ளிப் பதக்கத்தையும் ஒரே பெட்டியில் வைக்காதீங்கோ. இறப்பரிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். ஒளிப்படத்தைக் கண்ணாடியில் முட்டச் சட்டம் போட்டாலும் கதை முடிந்தது. இந்த ஈரத்தில் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், உரித்தால் முகமும் சேர்ந்து வரும். நடுவில் அட்டை இடைவெளி வைக்கச் சொல்லுங்கோ. லெமினேற்றிங் பண்ணினது திரும்பி வராது.

தாள்ப்பெட்டி:
இங்கேயே தேடுவதை மறக்கவேண்டாம். இந்த ஆட்டம் உலகம் முழுக்கப் போனதே வை.எம்.சி.ஏ. வழியாகத்தான். இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்கும் சேர்த்து அவர்கள் போட்ட பழைய இதழ்கள், பாடசாலை மலர்கள், அட்டையில் ஒட்டிய குழுப் படங்கள் மருதானை டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் கலந்து கிடக்கும். கடைக்காரரிடம் கூடைப்பந்து என்று கேட்டால் இல்லையென்பார். பாடசாலை மலர் இருக்கிறதா என்று கேட்டு நீங்களே புரட்டுங்கோ. பாடசாலைப் பெயரும் ஆண்டும் சரிபார்க்க "நூலகம்" என்ற இணைய நூலகத் தளம் உதவும், அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரி போன்றவற்றின் மலர்களை முதலில் தேடிப் பாருங்கோ.

பெண்கள் குழுப் படத்தில் மட்டும் நிதானம். கம்பத்தில் வளையம் மட்டும் இருந்து பின்னால் பலகை இல்லை, ஆட்கள் ஏழு பேர் என்றால் அது வலைப்பந்தாட்டம். அதுவும் அழகான சேகரிப்புத்தான், விலை மட்டும் வேறு.

வெள்ளவத்தைக்கரை:
பந்தை விட்டுவிட்டேன். 1911 என்று பந்தில் எழுதிய தபாலட்டை ஒன்றும், ஒரு விதிப்புத்தகமும் பார்த்து வைத்திருக்கிறேன். பின்பக்கம் நாலு முக்கோணமும் மேல்நோக்கித்தான். எப்படிப் பொதி பண்ணச் சொல்வது?

தாள்ப்பெட்டி:
அட்டை தனியாகப் பொலிப்புரொப்பிலீன் உறையில், புத்தகம் தனியாக. பி.வி.சி. உறை என்றால் மாற்றச் சொல்லுங்கோ, மை ஒட்டும். இரண்டு பக்கமும் விறைப்பான மட்டை, மட்டையின் வரி ஒன்றுக்கொன்று குறுக்காக. ரேப் மட்டையில் மட்டும், உறையில் படக்கூடாது. எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு சிப் பை, மழைக்கு. சுங்கப் படிவத்தில் விளையாட்டுப் பொருள் என்று எழுதவிடாதீங்கோ. பழைய ஒளிப்படத் தபாலட்டை, பழைய அச்சு நூல், தாள், ஆண்டு இன்னது என்று எழுதட்டும். நூறு வயது தாண்டிய பழம்பொருளுக்கு 9706 என்ற தனித் தலைப்பு இருக்கிறது, அதையும் குறிக்கலாம். பெறுமதியைக் குறைத்து எழுதச் சொல்லவேண்டாம், தொலைந்தால் எழுதின காசுக்கு மேல் கேட்க ஏலாது. பதிவுத் தபாலில் வரட்டும், பணம் கட்டிய பற்றுச்சீட்டை அச்செடுத்து வைத்திருங்கோ. மத்திய தபால் பரிமாற்றகத்திலிருந்து அறிவித்தல் வந்தால் அதையும் அடையாள அட்டையையும் கொண்டுபோகவேணும்.

வீட்டுக்கு வந்ததும் உடனே பிரிக்காதீங்கோ. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு பொதியை அப்படியே ஒரு நாள் வைத்துவிட்டுத் திறவுங்கோ.