மாட்டேன் என்றால் மனமில்லையா, வலுவில்லையா?

தெப்பக்குளத்தான்:
நேற்று பழைய மொபெட்டைக் கீழவாசல் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய், "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்றேன். கூட வந்த மகள், மூன்றாம் வகுப்பு, "வண்டி எப்படிப்பா மாட்டேன்னு சொல்லும்?" என்றாள். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தபடி சிரித்தார். எனக்குப் பதில் வரவில்லை. யோசித்ததில், கொக்கியில் மாட்டுகிறோமே, அந்த மாட்டுதான் இது என்று படுகிறது. 'இதில் நான் சிக்கேன்' என்று விலகுவது. தொல்காப்பியச் செய்யுளியலிலும் தள்ளிக் கிடப்பதை இணைப்பதற்கு மாட்டு என்றுதானே பெயர்?

திருமங்கலம் டீச்சர்:
இல்லை தம்பி. ஓசை ஒன்று என்பதால் வேரும் ஒன்றாகிவிடாது. 991ஆம் குறளில் 'யார்மாட்டும்' என்றால் யாரிடத்தும். அதையும் கொக்கியில் தொங்கவிடுவீர்களா? 'இயலுதல், வல்லவனாதல்' என்ற பொருளில் மாட்டுதல் என்று தனி வினையே உண்டு. அதன் உடன்பாடு வழக்கொழிந்து எதிர்மறை மட்டும் நின்றுவிட்டது. "குடத்தைத் தூக்க மாட்டாமல் தூக்கிவந்தாள்" என்கிறோம். அவளுக்கு மனமில்லையா, தெம்பில்லையா?

மாசிவீதிக்காரன்:
குடம் சரி டீச்சர். ஆனால் மாப்பிள்ளை "வரமாட்டேன்" என்றால் சமாதானம் பேசப் போகிறோம், "வர முடியலை" என்றால் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போகிறோம். இரண்டும் ஒன்றா? அப்புறம், அவன் வரமாட்டான், ஆனால் பஸ் வராது, மழை வராது. மனம் உள்ளவருக்குத்தான் மாட்டு.

திருமங்கலம் டீச்சர்:
நீங்கள் சொல்வது இன்றைய பொருள். நான் சொல்வது பிறந்த இடம். டவுன்ஹால் ரோட்டில் 200 ரூபாய்ச் சட்டையை 150க்குக் கேளுங்கள். "முடியாதுண்ணே" என்பார். கடைக்காரருக்குக் கை விளங்கவில்லையா என்ன? முடியாது என்ற சொல்லும் நம் கண்ணெதிரே அதே வழியில்தான் போகிறது. சூலை வலியில் அப்பர் "ஆற்றேன் அடியேன்" என்றது இயலாமை. அவரே "நமனை அஞ்சோம்" என்றபோது மறுப்புக்கு மாட்டே தேவைப்படவில்லை. நாம்தான் 'அஞ்ச மாட்டோம்' என்று நீட்டுகிறோம்.

தெப்பக்குளத்தான்:
சரி, கொக்கியைக் கழற்றிவிட்டேன். என் மகளுக்கு என்ன சொல்ல?

திருமங்கலம் டீச்சர்:
நல்ல காது அவளுக்கு. மாட்டேன் + என்கிறது, அதுதான் மாட்டேங்குது. வண்டியே 'நான் மாட்டேன்' என்று சொல்வதாக நாம் எடுத்துச் சொல்கிறோம். "பையன் சாப்பிட மாட்டேங்கிறான்" என்பது போய், பூட்டு திறக்க மாட்டேங்குது, மழை பெய்ய மாட்டேங்குது என்று ஆகிவிட்டது.

மாசிவீதிக்காரன்:
பார்த்தீர்களா, பூட்டுக்கே மனம் வந்துவிட்டது! என் கட்சிதான் ஜெயித்தது.

திருமங்கலம் டீச்சர்:
பிளக்கில் கரி பிடித்தால் வண்டிக்குப் போனது மனமா, வலுவா?

தெப்பக்குளத்தான்:
கரியேதான் டீச்சர். தேய்த்துப் போட்டதும் ஒரே உதையில் கிளம்பிவிட்டது. விளக்கத்தை மகளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுப்பாடம் அப்படியே கிடக்கிறது, கேட்டால் "பென்சில் எழுத மாட்டேங்குதுப்பா, அதுகிட்டயே கேளு" என்கிறாள்.