அம்மாவுக்கு முட்டி வலி, லேக் கார்டன் ஏரிய சுத்தி நடக்க முடியுமா?

சிப்புட்டு_பொண்ணு:
வணக்கம் எல்லாருக்கும். வர்ற சனிக்கிழமை அம்மா சுங்கை சிப்புட்டுல இருந்து வர்றாங்க, கூட அக்கா பையனும் வர்றான், நாலு வயசு, ஒரு இடத்துல நிக்க மாட்டான். அம்மாவுக்கு வலது முட்டி சரியில்ல, ஆனா வீட்ல உக்காருற ஆளும் இல்ல. போன தடவ மாலுக்கு கூட்டிட்டு போனதுக்கு "கேஎல்லுன்னா ஏர்கோன் மட்டுந்தானா"ன்னு கேட்டுட்டாங்க. ஆபிஸ்ல புக்கிட் காசிங் போன்னு சொன்னாங்க, அது மேடும் பள்ளமுமா இருக்குமே, நமக்கு ஆகாது. கல்யாணமான புதுசுல அப்பாவோட லேக் கார்டன் ஏரியில போட்டுல போனோம்னு அம்மா அடிக்கடி சொல்லுவாங்க, அதான் அங்கயே போலாம்னு இருக்கேன். நான் இருக்கறது செத்தாப்பாக்ல, கார் இல்ல. ஏரிய சுத்தி பாத சமமா இருக்கா? எங்க இறங்கறது? துகு நெகாரா, அதான் தேசிய நினைவுச் சின்னம், அதையும் பாத்துட்டு வரலாமா?

பிரிக்பீல்ட்ஸ்_வாசி:
தாராளமா போலாம் தங்கச்சி. நான் வாரத்துல மூனு நாள் அங்கதான் நடக்கறேன், இந்த டாக்டர் சர்க்கரை சர்க்கரைன்னு பயமுறுத்துனதுல இருந்து. ஏரிய சுத்தி போட்ட பாத, மெதுவா நடந்து நடுவுல ரெண்டு தடவ உக்காந்தாலும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். ஏரி ஓரமாவே மூங்கில்ல ஒரு மண்டபம் கட்டியிருக்காங்க, அம்மா அங்க உக்காரட்டும், பையன விளையாட்டு இடத்துக்கு கூட்டிட்டு போங்க. தண்ணி ஓரத்துல மட்டும் அவன் கைய விட்டுராதீங்க, உடும்பு வெயில் காயும், ஒன்னும் பண்ணாது ஆனா புள்ள பயந்து ஓடுவான். குரங்கும் இருக்கு, கையில பிளாஸ்டிக் பை தொங்குச்சுன்னா அதுங்களுக்கு சாப்பாடுன்னுதான் அர்த்தம், தாப்பாவ் பண்ணுன சாப்பாட்ட பேக்குக்குள்ள வச்சுக்கோங்க.

இன்னொன்னு, போர்டுல லேக் கார்டன்னு இருக்காது. 1975ல பிரதமர் துன் ரசாக் காலத்துல தாமான் தாசேக் பெர்டானா ஆச்சு, 2011ல பெர்டானா பொட்டானிக்கல் கார்டன் ஆச்சு, நம்ம ஆளுங்க வாயில மட்டும் இன்னும் லேக் கார்டன்தான். காலையில ஏழரைக்கெல்லாம் போயிருங்க, மத்தியானத்துக்கு மேல மழைய நம்ப முடியாது. எம்ஆர்டி ரயில்ல மூசியம் நெகாரா ஸ்டேசன்ல இறங்கி அப்படியே நடந்துரலாம்.

மருமகன்_1:
அண்ணே மன்னிச்சுக்கோங்க, அந்த எம்ஆர்டி வழி முட்டி வலிக்காரங்களுக்கு சொல்ற வழியா? போன வருசம் மாமியார அப்படித்தான் கூட்டிட்டு போனேன், மூசியத்துல இருந்து பாலம் ஏறி பிளானட்டேரியம் பக்கம் போனா அது குன்னு மேல இருக்கு, படி ஏறி ஏறி ஏரிய பாக்கறதுக்கு முன்னாடியே அவங்க உக்காந்துட்டாங்க, அன்னைக்கு முழுக்க என் பொண்டாட்டி என்கிட்ட பேசல. மேப்புல பாத்தா பக்கமாத்தான் தெரியும், மேப்புல ஏத்தம் தெரியாதே. சிஸ்டர் நீங்க எம்ஆர்டில வாங்க, அங்க இருந்து கிராப் கார் எடுத்துருங்க. பின் மட்டும் ஏரிகிட்ட வைங்க, இல்லாட்டி பறவை பார்க் வாசல்ல இறக்கி விட்டுட்டு போயிருவாங்க.

துகுவ இதோட சேக்காதீங்க. அது ரோட்டுக்கு அந்த பக்கம், மேடு வேற. 15 மீட்டர் வெண்கல செல, அவசியம் பாக்கணும்தான், ஆனா வேற நாள் வச்சுக்கோங்க.

பிரிக்பீல்ட்ஸ்_வாசி:
சரிதான் தம்பி, நான் பழக்கத்துல சொல்லிட்டேன். என் முட்டி இன்னும் நல்லா இருக்கு, அதான் அந்த படி ஞாபகம் வரல.

பழைய_பேப்பர்:
துகுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, அத செஞ்ச பெலிக்ஸ் டி வெல்டன்தான் அமெரிக்காவுல இவோ ஜிமா சிலையும் செஞ்சவரு. அப்போ பிரதமரா இருந்த துங்கு அத பாத்துட்டு வந்துதான் நமக்கும் ஒன்னு வேணும்னாரு, 1966ல திறந்தாங்க. 1975ல குண்டு வச்சு சேதப்படுத்துனாங்க, அப்புறம் சரி பண்ணாங்க.

கேட்டது ஏரிய பத்தி, சரி. அந்த ஏரி தானா வந்த ஏரி இல்ல. 1888ல சிலாங்கூர் கஜானா அதிகாரி ஆல்பிரட் வென்னிங், ஊருக்கு ஒரு பூங்கா வேணும்னு பிரிட்டிஷ் ரெசிடண்ட் சுவெட்டன்ஹாம்கிட்ட கேட்டாரு. பள்ளத்தாக்குல சுங்கை பிராஸ் பிராஸ்னு ஒரு சின்ன ஆறு, அத மறிச்சு தேக்குனதுதான் இன்னைக்கு நாம சுத்தி நடக்கற தண்ணி. மறு வருசம் மே மாசம் கவர்னர் செசில் கிளெமெண்டி ஸ்மித் வந்து திறந்து வச்சாரு. சாவ் ஆ யோக்னு ஒரு சீனத் தலைவர் நூறு சிங்கோனா கன்னு குடுத்தாராம், மலேரியாவுக்கு கொய்னா எடுப்பாங்களே அந்த மரம். காய்ச்சல்ல ஆளு ஆளா போன ஊருல பூங்காவுக்கு மருந்து மரத்த நன்கொடையா குடுத்திருக்காரு, எனக்கு கவர்னர விட இவரத்தான் புடிச்சுது. பழைய படங்கள்ல ஏரிய சிட்னி லேக்னு போட்டிருக்கும், ஆஸ்திரேலியா சிட்னி இல்ல, சுவெட்டன்ஹாம் சம்சாரத்தோட பேரு.

செத்தாப்பாக்_சேகரு:
செத்தாப்பாக்ல இருந்துக்கிட்டு ஏன் அவ்ளோ தூரம்? தித்திவங்சா ஏரி பக்கத்துலயே இருக்கு, அதும் ஈயம் தோண்டுன லம்பமா இருந்த இடந்தான், சுத்தமா சமதளம், ரெட்டை கோபுரமும் தெரியும். கிராப் காசும் மிச்சம்.

தண்ணிமல_பையன்:
பினாங்குக்கு வாங்க, தண்ணிமல கார்டன்ல நாகலிங்க மரம் காட்டறேன், பூ தண்டுலயே பூத்திருக்கும். 1884ல இருந்து இருக்கு, உங்க லேக் கார்டனுக்கு அண்ணன். ஏரி இல்ல, ஒத்துக்கறேன்.

சிப்புட்டு_பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி, போயிட்டு வந்துட்டோம். ஏழரைக்கு கிளம்பணும்னு அலாரம் எல்லாம் வச்சேன், அம்மா கோயிலுக்கு போயிட்டுத்தான் எங்கயும் வருவேன்னுட்டாங்க, கோயில் முடிஞ்சு பசியாறி, பையன குளிப்பாட்டி, ஏரிகிட்ட போறப்பயே மணி மூனு. மருமகன் அண்ணன் சொன்ன மாதிரி கிராப்ல போனோம், ஒரு படி கூட ஏறல. பையன் உடும்ப பாத்து பயப்படவே இல்ல, அதுதான் இவன பாத்து தண்ணில குதிச்சுது.

பாதி சுத்துனதும் அம்மா ஒரு பெரிய மரத்த அண்ணாந்து பாத்துட்டு, தூங்குமூஞ்சி இல சுருங்குது, மழ வருது, நடன்னாங்க. எங்களுக்கு வானம் அவ்ளோ இருட்டா கூட தெரியல. தோட்டத்துல மலாய்க்காரங்க இந்த மரத்த புக்கூல் லீமான்னுவாங்களாம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு இல மூடிக்கும், மழ இருட்டுனா அதுக்கு முன்னாடியே மூடிக்குமாம். மூங்கில் மண்டபத்துக்குள்ள கால வச்சோம், கொட்டிருச்சு. முக்கா மணி நேரம் அங்கயேதான், கொண்டு போன நாசி லெமாக்க பிரிச்சு சாப்பிட்டோம், அம்மா தண்ணியவே பாத்துக்கிட்டு போட்டெல்லாம் எங்க நின்னுச்சுன்னு கை காட்டிட்டு இருந்தாங்க. அப்பாவுக்கு துடுப்பு போட தெரியாதாம், நடுவுல மாட்டிக்கிட்டு இன்னொரு போட்டுக்காரங்க வந்து இழுத்துட்டு வந்தாங்களாம், இத இத்தன வருசமா எங்ககிட்ட சொன்னதே இல்ல.

மீதி பாதி நடக்கல. சேகரு அண்ணே, அடுத்த மாசம் தித்திவங்சா.